தண்ணீர் கேட்கப் போனவர்

“அழுதுகொண்டு சொன்னீரெண்டால் இன்னும் நல்லது,” என்றார் அமராவதி அக்கா.

கம்சிகாவுக்கு அழுகைக்கு ஒரு பஞ்சமும் இல்லை. மடியில் மூன்று வயது தர்மிகா.

லண்டன் எட்மண்டனில் அவர்கள் வீதிக்குப் பின்னால் ஒரு வெறும் நிலம் சும்மா கிடக்கிறது. கேரவன் என்ற வண்டிவீட்டில் ஊர் ஊராகப் போகும் டிராவலர் குடும்பங்கள் சில மாதம் தங்க அதைக் கொடுக்கலாமா என்று கவுன்சில் யோசிக்கிறது. தண்ணீர்க் குழாய், டொய்லெட், குப்பைத் தொட்டி எல்லாம் வைத்துக் கொடுப்பார்களாம். அதற்குத்தான் இன்றைக்கு இந்த மண்டபத்தில் கூட்டம். சரிவராவிட்டால், இப்போது வீதியோரம் நிற்கும் கேரவன்கள் பிள்ளைகுட்டிகளோடு கிளம்பவேண்டியதுதான்.

வீதிச் சனத்துக்கு அவர்கள் கிளம்பினால் போதும். அமராவதி அக்காவுக்குக் கருத்து இல்லாத விசயம் எட்மண்டனில் இன்னும் பிறக்கவில்லை. இதில் அவர்தான் முன்னுக்கு நின்றார். சாட்சி சொல்லக் கம்சிகா.

“உங்கட கதவை உடைக்கப் பாத்தவன் அந்தா இருக்கிறான்,” என்று பக்கத்து வீட்டு நடராஜா அண்ணை காதுக்குள் சொன்னார். “நான் மட்டும் தும்புத்தடியோட ஓடி வராட்டி என்ன நடந்திருக்கும், சொல்லும் பாப்பம்?”

எதிர் வரிசையில், கேரவன் சனங்களோடு, டெக்லன் இருந்தார். வாசலை அடைக்கிற ஆள். பக்கத்தில் மனைவி, தோளில் குழந்தை. அவர் இந்தப் பக்கம் திரும்பியதும் கம்சிகா சட்டென்று குனிந்துகொண்டாள்.

பயம்தான். ஆனால் அமராவதி அக்கா நினைக்கிற பயம் இல்லை.

அன்றைக்கு விடியற்காலைக் கிளீனிங் வேலை முடித்து வந்தவள், பின்னேரம் சோபாவில் சாய்ந்தபடி தன்னை மறந்து தூங்கிவிட்டாள். கதவு இடிபடும் சத்தத்தில்தான் விழித்தாள். திறந்தால் இந்த மனிதர். என்ன இங்கிலீசோ, ஒரு சொல்லும் பிடிபடவில்லை. மேலே, மேலே என்று கையைக் காட்டினார். வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தாள். மாடி யன்னல் திறந்து கிடந்தது. தர்மிகா கதிரையில் ஏறி, யன்னல் விளிம்பில் நின்றுகொண்டிருந்தாள்.

கம்சிகா மேலே ஓடினாள். அவள் பிள்ளையை இழுத்தெடுக்கும்வரை அந்த மனிதர் யன்னலுக்குக் கீழே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். அவள் திரும்பி இறங்கி வந்தபோது நடராஜா அண்ணை அவரைத் துரத்திக்கொண்டிருந்தார்.

“கதவை உடைச்சவனோ?” என்று அண்ணை கேட்டார்.

கம்சிகா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மிச்சத்தை வீதி சொல்லிக்கொண்டது.

எப்படிச் சொல்வாள்? தாய் நித்திரை, பிள்ளை யன்னலில். சோசலுக்கு, அதுதான் பிள்ளைகள் நலம் பார்க்கும் அரசாங்க ஆட்களுக்கு, தெரிந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படிப் பறிகொடுத்த ஒரு குடும்பத்தைப் பற்றிக் கோயிலில் கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து போஸ்ட்மன் மணியடித்தாலும் திரையை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பாள். புருஷன் பவித்திரனிடம்கூட மூச்சு விடவில்லை.

கூட்டத்தை நடத்திய கவுன்சில் அம்மா கம்சிகாவின் பெயரைக் கூப்பிட்டார். எழும்பினாள்.

“எனக்கு ஏலாது,” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு இருந்துவிட்டாள்.

அமராவதி அக்கா விடுவாரா? “பாருங்கள், எவ்வளவு பயந்துபோயிருக்கிறாள்!” என்று இங்கிலீசில் கத்தினார். மண்டபம் இரைந்தது.

கவுன்சில் அம்மா டெக்லனை முன்னுக்குக் கூப்பிட்டார். “அந்த வீட்டுக் கதவை ஏன் இடித்தீர்கள்? காரணம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள். எங்கள் முடிவுக்கு அது முக்கியம்.”

போச்சு. கம்சிகா பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மூச்சு முட்டித் தர்மிகா சிணுங்கினாள்.

டெக்லன் எழும்பும்போது மனைவி அவர் கையைப் பிடித்து என்னவோ சொன்னாள். அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். மைக்குக்கு முன்னால் வந்து நின்றார். கம்சிகாவைப் பார்த்தார். மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்தார்.

“தண்ணீர் கேட்கப் போனேன்,” என்றார். “கொஞ்சம் பலமாகத் தட்டிவிட்டேன். பிழை என்னுடையதுதான்.”

“தண்ணிக்கோ கதவை உடைக்கிறது!” நடராஜா அண்ணை துள்ளினார்.

கவுன்சில் அம்மா பெருமூச்சு விட்டார். முடிவு என்னவென்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

டெக்லன் திரும்பிப் போகும் வழியில் கம்சிகாவின் கதிரையருகே ஒரு கணம் நின்றார். இந்த முறை மெதுவாகச் சொன்னதால் அவர் இங்கிலீசு அவளுக்கு விளங்கியது.

“பயப்படாதே மகளே. என் அக்காவின் பிள்ளையையும் சோசல்காரர்கள் அப்படித்தான் கொண்டுபோனார்கள்.”

இந்த உலகத்தில் இந்தப் பயம் தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தாள் கம்சிகா. தர்மிகாவைத் தூக்கி அமராவதி அக்காவின் மடியில் வைத்தாள்.

“அப்பிடித்தான், போய்ச் சொல்லும்! அழும், நல்லா அழும்,” என்று அக்கா முதுகைத் தட்டி அனுப்பினார்.

கம்சிகா மைக்கைப் பிடித்தாள். தெரிந்த அரைகுறை இங்கிலீசில்தான் சொன்னாள்.

“அவர் தண்ணி கேட்டு வரேல்லை. நான் நித்திரை. என்ரை பிள்ளை யன்னலால விழப்போறாள் எண்டு சொல்ல வந்தவர்.”