மாப்பிள்ளை மொழிபெயர்த்தது

தூக்க மாத்திரைக்கு அடிமையாகிவிட்டதை மனைவியிடமே மறைத்த மனிதர், இப்போது போதை மீட்பு மையத்தில் மாப்பிள்ளையைத் துணைக்கு வைத்துக்கொண்டு டாக்டரம்மா முன்னால் நெளிந்தார். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. இவருக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது.

கை நடுங்குவதையும், வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டு ஊரெல்லாம் தேடியதையும் மூச்சு விடாமல் கொட்டினார். மாப்பிள்ளை அதை ஒரே வரியில் முடித்தார்.

மாமனாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மத்த மொழிக்காரங்களுக்கெல்லாம் இங்க மொழிபெயர்க்க ஆள் இருக்கு. நமக்கு மட்டும் ஏன் இல்லன்னு கேளுங்க மாப்பிள்ளை!"

மாப்பிள்ளை கேட்டார். பதில் வந்ததும் கூரையைப் பார்த்தார்.

"என்னவாம்?"

"விடுங்க மாமா."

"சும்மா சொல்லுங்க, ஒரு கை பாத்துடறேன்!"

"தமிழ் பேசற ஆளைப் போடறதாத்தான் இருந்தாங்களாம். 'எங்க சனங்களுக்குப் போதைப் பழக்கமே கிடையாது, ஆளே வேணாம்'னு தமிழ்ச் சங்கத் தலைவர் கூட்டத்துல மார்தட்டிச் சொன்னாராம். அதோட விட்டுட்டாங்களாம்."

மாமனார் நாற்காலியை மெல்லப் பின்னுக்கு நகர்த்தினார்.

"அது நீங்கதான்னு டாக்டருக்குத் தெரியாது மாமா," என்றார் மாப்பிள்ளை மெல்ல.

தலைவர் தொண்டையைச் செருமினார். "அந்தாளு வடிகட்டின முட்டாள்னு சொல்லுங்க."

அதை மட்டும் மாப்பிள்ளை ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தார்.