நாய்க்கு வலித்தால் வருவார்கள்

வீட்டு நாய்களின் கழுத்துப்பட்டையே வலியை உணர்ந்து தகவல் அனுப்பத் தொடங்கிய பிறகு, விலங்குநல ஆய்வாளர் ஜெசிந்தாவுக்கு ஓய்வே இல்லை. அந்த அடுக்குமாடி வீட்டுக்கு அவள் வருவது இது இரண்டாம் முறை. முன்பு, நாயை எட்டி உதைத்ததற்காக தயாளன் என்பவனைக் கடுமையாக எச்சரித்துவிட்டுப் போயிருந்தாள்.

இப்போது கதவைத் திறந்தவள் அவன் மனைவி செண்பகா. அவள் காலடியில் நின்ற நாயின் காது கன்றிச் சிவந்திருந்தது.

“மறுபடியும் அவர்தானா?”

“இல்ல மேடம். நான்தான் திருகினேன்.”

ஜெசிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “வாயில்லாத ஜீவன்மா! உனக்கு எப்படி மனசு வந்துச்சு?”

செண்பகா உள்ளறைப் பக்கம் பார்த்துவிட்டு, கழுத்தை மூடியிருந்த முந்தானையை விலக்கினாள். விரல் தடங்கள் நீலம் பாரித்திருந்தன.

“நீங்க வந்துட்டுப் போனதுலேருந்து அவர் நாயைத் தொடுறதில்ல. எல்லாம் என்மேலதான். போலீசுக்குப் போன் பண்ணா, குடும்ப விஷயம்னு வெச்சிடுறாங்க. நாய்க்கு வலிச்சா நீங்க உடனே வருவீங்கல்ல?”

அன்றைக்கு ஒரு நாயைக் காப்பாற்றிவிட்டோம் என்று நிம்மதியாக வீடு திரும்பியிருந்தாளே ஜெசிந்தா!

“யாருடி அது?” என்று உள்ளேயிருந்து தயாளன் கத்தினான்.

“நாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும் சார்,” என்றாள் ஜெசிந்தா. “கூட வீட்டு ஆள் ஒருத்தர் வரணும். இவங்க வரட்டும்.”

வண்டியை அவள் நேரே பெண்கள் காப்பகத்துக்கு விட்டாள். தெருமுனை தாண்டியதும் செண்பகா, மடியிலிருந்த நாயின் கழுத்தில் முகம் புதைத்து, “மன்னிச்சுக்கடா” என்று கதறி அழுதாள். அது அவள் கையை நக்கிக்கொண்டே வந்தது.