உப்பு போடாத கஞ்சி

உப்பு காய்ச்சப் போகிறேன் என்று ஊர் ஊராக ஜனங்கள் ஜெயிலுக்குப் போகிற காலம். ஆனால் ஒரு கிழவன் குடிக்கிற கஞ்சியில் ஒரு கல் உப்பு போட எவளுக்கும் கை வருவதில்லை.

தோல் ஊறப்போடும் பட்டைத் தொட்டியின் கரையில் குந்திக்கொண்டு சின்னசாமிக் கிழவர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். நினைக்கத்தான் முடியும். வாயைத் திறந்து திட்ட வழியில்லை. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டியிருந்தது.

எல்லாம் ஆவாரம்பட்டை வண்டி செய்த வேலை. மாட்டை அவிழ்த்ததும் பின்பாரம் சாய்ந்து, நுகத்தடி விசையாக எகிறி, குனிந்திருந்தவர் தாடையில் அடித்தது. முன்பல் ரெண்டு அங்கேயே விழுந்தது. வேலூருக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் தாடையைக் கிழித்து, நொறுங்கின எலும்பைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, மிச்சத்தைக் கம்பியால் இறுக்கி அனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து சோறு இல்லை. பல் போன சந்தில் ரப்பர் குழாயை நுழைத்து உறிஞ்சுவதுதான் சாப்பாடு.

ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது டாக்டர் கன்னத்தை ஊசியால் குத்தி, "தெரியுதா?" என்று கேட்டார். தெரியவில்லை. குத்தினால்தானே தெரியும்? சும்மா குத்துவது போல பாவனை காட்டுகிறான் என்று கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரிப் பால் வெறும் வெள்ளைத் தண்ணி. எலும்புச் சாறு என்று நர்சம்மா கொடுத்தது, எலும்பைத் தூரத்தில் வைத்துக் காட்டின வெந்நீர். வீட்டுக்கு வந்த பிறகாவது ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. தோல் ஷாப் மேஸ்திரி அப்துல் வஹீதின் பெண்சாதி மஹ்பூபி துணியில் வடிகட்டி ஒரு தூக்கு நிறைய ஆட்டுக்கால் பாயா அனுப்பினாள். மசாலா பூராவும் அவள் புருஷன் தட்டோடு நின்றுவிட்டது போல.

கட்டினவள் கெங்கம்மாளாவது நேர்மையாக இருக்க வேண்டாமா? ஒவ்வொரு வேளையும் அவர் கஞ்சிச் சொம்பைக் காட்டிக் கையை ஆட்டுவார். அவள் உப்புச் சட்டிக்குப் போய்வருவாள். மறுபடி ஆட்டுவார், மறுபடி போய்வருவாள். போய்வருவாளே ஒழிய, போட்டதாகத் தெரியவில்லை.

"பாதி சட்டி உப்பு காலி ஆய்ட்ச்சுய்யா. இன்னும் என்னிய இன்னா பண்ணச் சொல்ற?" என்று நேற்று அழுதாள்.

அழுதால் உப்பு வந்துவிடுமா?

அது கிடக்கட்டும். இன்றைக்குத் தொட்டி.

இந்தத் தோல் ஷாப்பில் சின்னசாமிக்கு நாக்கால் பார்க்கிற வேலை. தொட்டியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாரென்றால், பட்டைச் சாறு இன்னும் தோலைப் பிடிக்குமா, செத்துப்போச்சா என்று சொல்லிவிடுவார். தோல் சுமக்கவோ மயிர் சுரண்டவோ இனி அந்த உடம்பில் தெம்பு கிடையாது. நாக்கு சரியாக இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று முதலாளி சாயபு முடிவாகச் சொல்லிவிட்டார்.

வஹீது பக்கத்தில் வந்து குந்தினான்.

"சின்னசாமிண்ணே, சாயபு ஜன்னலாண்ட நின்னு பாத்துக்கினு இருக்காரு. இந்தத் தொட்டி புதுச்சாறா பழசா, அத்த மட்டும் சொல்லிடு. மீதிய நான் பேசிக்கிறேன்."

கிழவர் மடியிலிருந்து ரப்பர் குழாயை எடுத்தார். ஒரு முனையைப் பல் சந்தில் செருகி, மறுமுனையைச் செம்பழுப்பாகக் கிடந்த சாற்றுக்குள் விட்டார். கன்னம் ஒட்ட உறிஞ்சினார்.

வாய் நிறைந்தது. நாக்கில் போட்டுப் புரட்டினார்.

தண்ணி. கிணற்றுத் தண்ணி.

இன்னொரு தரம் உறிஞ்சினார். அதேதான்.

அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. சோதனை வைக்கிறார்கள். கிழவன் ஏமாறுகிறானா பார்ப்போம் என்று எதையோ கரைத்து நிறம் காட்டியிருக்கிறார்கள். சின்னசாமியிடமா?

சந்து வழியாகத் துப்பிவிட்டு, கட்டின பல்லுக்குள்ளிருந்து சொன்னார்.

"தண்ணி. வெறுந்தண்ணி."

வஹீது அவரையே பார்த்தான். பிறகு தன் விரலை நனைத்து நாக்கில் வைத்தான். வைத்த மாத்திரத்தில் முகம் கோணிக்கொண்டது. காறித் துப்பினான். தோள் துண்டால் நாக்கைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நீ வூட்டுக்குப் போண்ணே. உடம்பு தேறட்டும்."

ஜன்னலில் சாயபு இல்லை.

கூத்தில் வேஷம் கட்டுகிறவன்கூட இத்தனை மூஞ்சி காட்டமாட்டான் என்று நினைத்தபடி கிழவர் எழுந்தார்.

ஷாப் வாசலில் கெங்கம்மாள் கஞ்சிச் சொம்போடு நின்றிருந்தாள். வேலை உண்டா என்று கேட்கவில்லை. அவர் நடந்து வந்த விதத்தைப் பார்த்துவிட்டுச் சொம்பை மட்டும் நீட்டினாள்.

ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். சொம்பை அப்படியே மண்ணில் கவிழ்த்தார்.

காயப்போட்ட தோல் பக்கம் திரிந்த வெள்ளாடு ஒன்று ஓடி வந்தது. கொட்டின இடத்தை நக்கியது. கஞ்சி தீர்ந்த பிறகும் விடவில்லை. அடிமண்ணைக் காலால் சுரண்டிச் சுரண்டி நக்கியது. இன்னொரு ஆடு வந்து அதை முட்டித் தள்ளிவிட்டு நக்கியது.

கெங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிழவர் ஆடுகளை ஏற இறங்கப் பார்த்தார். இந்தக் காலத்தில் ஆட்டுக்குக்கூட ருசி தெரியவில்லை.

குழாயை உதறி மடியில் செருகிக்கொண்டு நடந்தார்.