நிலமே இல்லாத ஒரு பெயர்

நான்காவது தடவையும் கம்ப்யூட்டர் திரையில் ஜன்னல் மூடிக்கொண்டது.

பழைய புரோகிராமான பாக்ஸ்புரோவில் ஆறு வருடம் கண்ட்ரோலையும் டபிள்யூவையும் சேர்த்து அழுத்தினேன். அடித்தது பத்திரமாகப் பதிவாகும். இந்தப் புதுச் சனியனில் அதே விரல், அதே அழுத்து. அடித்தது அத்தனையும் போய்விடுகிறது.

“பழைய பழக்கத்த விடுங்க மேடம்” என்றார் யூனுஸ். சொல்லிக்கொடுக்கச் சென்னையிலிருந்து வந்தவர்.

“நானா புடிச்சுக்கிட்டு இருக்கேன்? விரல்தான் சார் விட மாட்டேங்குது.”

ஆட்சி மாறியது. தாலுகா ஆபீஸ் சுவரில் படம் மாறியது. அதோடு விட்டிருக்கலாம், நிலக் கணக்கு இருந்த கம்ப்யூட்டரையும் மாற்றினார்கள். சாயங்காலத்துக்குள் நான் இதில் தேறாவிட்டால், திங்கட்கிழமை என் நாற்காலியில் ஹெட் கிளார்க் தியாகராசனின் மச்சினி. எங்கள் தெருவின் முதல் பி.எஸ்சி. என்பதற்கெல்லாம் இங்கே மார்க் கிடையாது.

தியாகராசன் என் முதுகுக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் மூடும்போதெல்லாம் ஒரு ‘ச்சு’.

“பழசுல எப்படித் தேடுவீங்க?” என்றார் யூனுஸ்.

“சர்வே நம்பர். நிலத்தக் கேட்டா ஆளச் சொல்லும்.”

“இது ஆளக் கேட்டா நிலத்தச் சொல்லும். இல்லாட்டி இல்லன்னு சொல்லும். அதையும் பாத்துருவோம், நிலமே இல்லாத ஒரு பேரு அடிங்க.”

“அது எனக்கு நெறயத் தெரியும்.”

யோசிக்கவே இல்லை. காத்தாயி, க/பெ நல்லக்கண்ணு.

மூன்று வரிகள் வந்தன. நாலே முக்கால் ஏக்கர். நஞ்சை.

யூனுஸ் சிரித்தார். “மிராசுதார் பேராப் பாத்து அடிச்சிட்டீங்களே. யாருங்க இவங்க?”

“நடவு நடுற பொம்பள சார்.”

முதுகுக்குப் பின்னால் டீ உறிஞ்சும் சத்தம் நின்றது.

ஒருவருக்கு இவ்வளவு நிலம்தான் என்று உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, எங்கள் ஊர்ப் பண்ணையார் தன் நிலத்தை யார் யார் பெயரிலோ எழுதி ஒளித்ததாக ஊரில் பேச்சு உண்டு. வண்டி மாட்டின் பெயரில்கூட ஒரு ஏக்கராம். பெயருக்கு உரியவர்களிடம் யாரும் சொல்லவில்லை. மாட்டிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதல் வரி, 114/2. எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த நம்பர். கூலி உயர்வு கேட்டு அந்த வயலில் இறங்கி உட்கார்ந்த பதினாறு பேர் மேல், அத்துமீறி நுழைந்ததாகக் கேஸ் போட்டார்கள். நாலாவது குற்றவாளி காத்தாயி.

அந்த நம்பரை நான் ஒருநாளும் பாக்ஸ்புரோவில் அடித்துப் பார்த்ததில்லை. யார் நிலம் என்பதில் யாருக்குச் சந்தேகம்?

“அது ஏதோ பழைய கோளாறு” என்றார் தியாகராசன். ஆறு வருடத்தில் முதல் தடவையாக என்னிடம் மரியாதை. “மூடிடுங்க.”

விரல்கள் தாமாகவே கண்ட்ரோல் டபிள்யூவுக்குப் போயின. பாதி வழியில் நிறுத்தினேன்.

“யூனுஸ் சார், பிரிண்டுக்கு எத அழுத்தணும்?”

“கண்ட்ரோல் பி.”

அதை முதல் தடவையிலேயே கற்றுக்கொண்டேன்.

தாளை நாலாக மடித்து, கழுவி வைத்திருந்த டிபன் டப்பாவுக்குள் வைத்தேன்.

காலையில் அதில் புளிச்சோறு கட்டிக் கொடுத்துவிட்டு, அம்மா கூலி நடவுக்குப் போயிருக்கிறாள். இன்று 114/2-ல்.