சகலை வீட்டு இருபத்தைந்து

தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் 25 என்றது. மீன்தொட்டிக்குள் மிதந்த வெப்பமானி 31 என்றது. இரண்டில் எது பொய் சொல்கிறது என்று பத்து நாளாகச் செல்வக்குமாருக்குப் பிடிபடவில்லை.

பம்ப்பை மாற்றிப் பார்த்தான். சில்லரின் தூசியைத் துடைத்தான், சுவரிலிருந்து தள்ளி வைத்தான். பொங்கலுக்கு முந்தின வாரம் யாரையும் கூப்பிடாமல் தானே மாட்டிய மிஷின். தண்ணீர் போகிற குழாயும் வருகிற குழாயும் தொங்கி அசிங்கமாகத் தெரியக்கூடாது என்று, பழைய சைக்கிள் ட்யூபைக் கிழித்து இரண்டையும் ஒன்றாகக் கட்டியிருந்தான்.

தையில் ஒரு குறையும் இல்லை. சித்திரை வெயில் ஏறியதும் கடல்மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மூன்று செத்துப்போயின, மிச்சம் இரண்டு.

யாராவது வீட்டுக்கு வந்தால் வெப்பமானியைப் பாறைக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, சில்லரில் எரியும் எண்ணைக் காட்டுவான். "பாத்தீங்களா, இருபத்தஞ்சு!"

மனைவி திவ்யாவிடம் அது செல்லவில்லை. "இந்த ரெண்டும் போச்சுன்னா தொட்டிய வித்துட்டு அங்கிட்டு பீரோவப் போட்டுருவேன். என் தங்கச்சி வீட்ல போய்ப் பாருங்க, மீனு என்னமா ஓடுது! அவ வீட்டுக்காரருக்குக் கை ராசி."

அந்த வீட்டுக்காரர்தான் சூரியபிரகாஷ், செல்வக்குமாரின் சகலை. அவன் கார் வாங்கியதைச் செல்வக்குமார் பொறுத்துக்கொண்டான். மாமனார் அந்தக் காரிலேயே எங்கும் போவதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். ஆனால் மாசியில் தொட்டி வைத்தவன், சித்திரையில் "எங்க வீட்லயும் இருபத்தஞ்சுதாண்ணே" என்று போனில் சிரித்ததை மட்டும் பொறுக்க முடியவில்லை. அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை அழகர்கோவில் பிரசாதத் தோசையை ஒரு சாக்காக வாங்கிக்கொண்டு, சகலை வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து அவன் வீட்டுக்குப் போனான்.

"வாங்க மாமா! அக்கா வரலையா? இருங்க, காபி போடுறேன்" என்று கொழுந்தியாள் ரோகிணி அடுப்படிக்குப் போனாள்.

தொட்டியில் ஐந்து மீன்கள் நேற்றுத்தான் பிறந்தவை போல மினுமினுத்தன. சில்லரில் 25. செல்வக்குமார் அடுப்படிப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டான். சத்தமில்லாமல் குனிந்து அடியில் இருந்த மரக்கதவைத் திறந்தான்.

தன் வீட்டுத் தொட்டிக்குப் போல இதற்கும் கீழே ஒரு சின்னத் தொட்டி. மேலே இருக்கும் தண்ணீர் வழிந்து அதில் இறங்கும். ஒரு பம்ப் அதை மறுபடி மேலே ஏற்றும். ஓரத்தில் கண்ணாடி தடுத்த ஒரு சின்ன அறை. சில்லருக்குத் தண்ணீர் அனுப்பும் பம்ப் அந்த அறைக்குள் இருந்தது. குளிர்ந்து வரும் தண்ணீரும் அதே அறைக்குள்தான் விழுந்தது. இரண்டு குழாயையும் சைக்கிள் ட்யூப் கட்டியிருந்தது.

கார் வைத்திருப்பவனுக்குச் சைக்கிள் ட்யூப் எங்கே கிடைத்தது என்று ஒரு நொடி தோன்றியது. அதற்குள் கை தானாக அந்த அறைக்குள் போய்விட்டது. பானைத் தண்ணீர் போலச் சில்லென்றிருந்தது. எழுந்து மேல்தொட்டியில் கையை விட்டான். குளிப்பதற்கு வைத்த வெந்நீர்!

"அண்ணே!"

வாசலில் சூரியபிரகாஷ். ஈரக்கையைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது. கையில் தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் பை. அதற்குள் ஒரு மீன்.

"ரோகிணிகிட்ட சொல்லிராதீங்கண்ணே" என்று கிசுகிசுத்தான். "உள்ள முப்பத்தொண்ணு. வாரா வாரம் சாகுது. அவளுக்குத் தெரியாம சிம்மக்கல் கடையில அதே மாதிரி மீனா வாங்கி விட்டுக்கிட்டு இருக்கேன்."

பத்து நாள் வெக்கை ஒரே மூச்சில் இறங்கியது செல்வக்குமாருக்கு. சிரிப்பை அடக்கத் தொண்டையைச் செருமிக்கொண்டான். தன் வீட்டிலும் இதே கதைதான் என்பதை மூச்சுவிடக் கூடாது. போனதும் முதல் வேலையாகக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயை மாற்றிவிட வேண்டும்.

"அட, இம்புட்டுதானா? இங்க வா சகல, சொல்றேன்." வாத்தியார் போலக் குந்தி உட்கார்ந்தான். "சில்லரும் பொய் சொல்லல, வெப்பமானியும் பொய் சொல்லல. இந்த அறைக்குள்ள இருபத்தஞ்சு, தொட்டியில முப்பத்தொண்ணு. ரெண்டும் நெசம்."

"புரியலண்ணே."

"குளுந்து வர்ற தண்ணிய பம்ப் பக்கத்துலயே விட்டா, அது அதையேதான் திரும்ப உறிஞ்சும். குளுத்த தண்ணியவே குளுத்துக்கிட்டு, வேலை முடிஞ்சதுன்னு மிஷின் நின்னுரும். மேல இருக்குற மீனுக்கு என்ன லாபம்?"

சூரியபிரகாஷ் வாயைப் பிளந்தான். "அப்ப என்னண்ணே செய்யணும்?"

"பம்ப்ப, மேல இருந்து தண்ணி வந்து விழுற எடத்துல வையி. குளுந்த குழாய, தண்ணி மேல ஏறுற பம்ப்புகிட்ட கொண்டுபோய் விடு. அம்புட்டுதான். சாயங்காலத்துக்குள்ள எறங்கிரும்."

காபியோடு ரோகிணி வந்தாள். சூரியபிரகாஷ் மீன் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். பார்க்க ஆள் வந்துவிட்டதும் செல்வக்குமாருக்கு வாய் இன்னும் நீண்டது. ட்யூப் முடிச்சைச் சுண்டிக் காட்டினான்.

"ஒரு மீனு வளக்குறவன் செய்யுற வேலையா இது? எந்தக் கூறுகெட்டவன் சகல இப்படிக் கட்டுனது?"

சூரியபிரகாஷ் தலையைச் சொறிந்தான்.

"பொங்கலுக்கு வந்தப்ப உங்க தொட்டியப் போட்டோ எடுத்துட்டு வந்துதாண்ணே கட்டுனேன்."