மேடவாக்கத்தில் மல்லாரி

ஓட்டுநர் இல்லாத வண்டிகள் மேடவாக்கம் கூட்டு ரோட்டில் மனிதர்களுக்காக நிற்பதில்லை. சாமி ஊர்வலம் வந்தால் மட்டும் நிற்க வேண்டும் என்று அவற்றுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் கோயில் ஊர்வலங்களில் வாசித்து வந்த சிங்காரவேலு இப்போது காலையிலிருந்தே நடைபாதையில் நின்று, சாமி புறப்பாட்டுக்கு உரிய மல்லாரியை நாதசுரத்தில் வாசிப்பார். வண்டிகள் பயபக்தியோடு நின்றுவிடும். ஜனங்கள் எதிரே இருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கடந்து போவார்கள். போகிறவர்கள் கொடுப்பதில் அவர் பிழைப்பு ஓடியது.

அன்று உச்சிவெயிலில் அவருக்கு இளைப்பு வந்துவிட்டது. நாதசுரத்தை வாயில் வைத்தால் வெறும் காற்றுத்தான் வந்தது. ஆஸ்பத்திரி கண்ணெதிரே இருந்தது. நடுவே வண்டிகள் பறந்தன.

“அண்ணே, இதுல ஏறிப் படுங்க” என்று பூக்காரி குணவதி தன் தள்ளுவண்டியில் மல்லிகைக் கூடைகளை ஒதுக்கினாள். பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கத்தினாள்: “தினம் கேக்குறோம்ல? வாயாலயே ஊதுங்கய்யா!”

ஒருவர் ‘பீ... பீ...’ என்று ஆரம்பித்தார். டீக்கடைக்காரர் தகரத் தட்டில் தவில் வாசித்தார். இடுப்பில் பிள்ளையோடு நின்றவளும் சேர்ந்துகொண்டாள். சுருதி எங்கோ, தாளம் எங்கோ. ஆனாலும் முதல் வண்டி நின்றது; பின்னால் வந்தவை எல்லாம் நின்றன.

‘இந்த வாசிப்புக்குச் சாமியே இறங்கி ஓடிரும்’ என்று சொல்ல நினைத்தார் சிங்காரவேலு. மூச்சு இடம் தரவில்லை. ஆயுசு முழுக்கச் சாமிக்கு முன்னால் வாசித்துக்கொண்டே நடந்தவர், இன்று பூக்களுக்கு நடுவே படுத்தபடி மல்லாரிக்குப் பின்னால் போனார். முன்னால் ஊதிக்கொண்டு போகும் கூட்டத்தைப் பார்த்து அவர் கைகள் தாமாகவே குவிந்தன.