இன்னைக்கு லீவு

மகாராஜன் கட்டளையைத் தட்டிவிட்டு, திரையில் வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் புது என்விரான்மென்ட்டின் பெயர் வந்திருக்கிறதா என்று பார்த்தான். வந்திருந்தது. இன்னொரு தடவையும் பார்த்தான்.

புது ப்ராஜெக்ட். இரண்டே நாளில் காட்டி முடித்துக் குப்பையில் போடப்போகிற டெமோ. அதற்கும் தனியாக ஒரு என்விரான்மென்ட் போட்டால்தான் அவனுக்கு மேற்கொண்டு கை ஓடும்.

பெரிய வித்தையெல்லாம் இல்லை. ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் ஒரு தனி அறை, அவ்வளவுதான். தனக்கு வேண்டிய லைப்ரரிகளை, அதாவது மற்றவர்கள் எழுதி வைத்த ப்ரோக்ராம் துண்டுகளை, அது தன் அறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அறை கட்டாமல் பொதுவில் இறக்கினால் புதுசு வந்து பழசைத் தள்ளிவிடும். பழசை நம்பி ஓடிக்கொண்டிருந்த வேறொரு ப்ரோக்ராம், யாரிடமும் சொல்லாமல் நின்றுபோகும்.

கூட வேலை பார்க்கிற ஜாய்ஸுக்குப் போனில் சிரிப்பு தாங்கவில்லை.

"ரெண்டு நாள் டெமோவுக்குப் போயி இம்புட்டுப் பாக்குதியளே அண்ணாச்சி. நேரா இன்ஸ்டால் பண்ணிட்டுப் போவியளா."

பழகிவிட்டது என்று சொல்லிப் போனை வைத்தான்.

வாசல் கதவு திறந்தது. உடனே ஸ்பீக்கர் பேசியது, அவனுடைய குரலிலேயே.

"அப்பா, இன்னைக்கு லீவு. உள்ள வாங்க."

வந்தது அம்மா, கையில் காய்கறிப் பையோடு. கதவு ஆளையா பார்க்கும்? யார் திறந்தாலும் அதையேதான் சொல்லும்.

அப்பா சங்கரசுப்பு முப்பது வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். ஓய்வு பெற்று, நினைவு தப்பிய பிறகும் டூட்டி மட்டும் தப்பவில்லை. விடிகாலை ஐந்து மணிக்குத் தோளில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கையைப் பிடித்து இழுத்தால் கெட்ட கோபம் வரும். லீவு என்று சொன்னால் மட்டும் முகமெல்லாம் மலர்ந்துவிடும். பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்து படுத்துக்கொள்வார். வேலையில் இருந்த காலத்தில் அந்த மனுசனுக்குக் கேட்டபோது லீவு கிடைத்ததே இல்லை.

அதனால்தான் கதவில் ஒரு சென்சாரை ஒட்டி, தான் வேலை பார்க்கிற லேப்டாப்பிலேயே அந்த ப்ரோக்ராமை எழுதி வைத்தான். ஒரு வருஷம் அது அப்பாவை வாசலோடு திருப்பி அனுப்பியது. அம்மாவையும் எழுப்பிவிட்டது.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மறுநாள் விடிகாலையில் அவர் வீட்டைவிட்டுப் போனார்.

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட் பக்கம் ஒரு கடைக் கேமராவில், தோளில் பை தொங்க நடந்துபோவது தெரிந்தது. அதற்கப்புறம் எந்தக் கேமராவிலும் இல்லை. பத்து மாதம் ஆகிறது.

அன்றைக்கு மகாராஜன் திருவிழாவிலிருந்து திரும்பியிருக்கவில்லை. அம்மா காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு அசந்து தூங்கிவிட்டாள். அதன் பிறகு அவள் கட்டிலில் படுத்ததில்லை. வாசல் கதவுக்குக் குறுக்கே பாயை விரிக்கிறாள். காய்ச்சல் வந்தாலும் மாத்திரையைத் தொடுவதில்லை.

இன்றைக்குப் பையைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள். பத்து மாதமாகக் கேட்காததைக் கேட்டாள்.

"ஏலே, நான் தூங்கிக்கிட்டுக் கெடக்கும்போது அன்னைக்கு இது எத்தன தடவ சொல்லிச்சுன்னு அதுல தெரியுமா?"

தெரியும். கதவு திறந்த நேரம், குரல் கொடுத்த நேரம் எல்லாம் அதில் பதிவாகும். மகாராஜன் அந்தத் தேதியைத் திறந்தான். இந்தப் பத்து மாதத்தில் அதை எத்தனை தடவை திறந்திருப்பான் என்று அவனுக்கே கணக்கில்லை. அம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது.

உள்ளதைச் சொல்ல மனசு வரவில்லை. சின்ன எண்ணாகச் சொன்னால் அவளுக்குப் பாரம் குறையும் என்று நினைத்தான்.

"ஒரே ஒரு தடவதாம்மா."

அம்மா குனிந்து திரையைப் பார்த்தாள்.

"அந்த ஒரு தடவையும் எனக்குக் கேக்கலியே மக்கா."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உலை வைக்கப் போனாள். அவன் திரும்பவும் பதிவைப் பார்த்தான்.

அந்தத் தேதியில் ஐந்து மணிக்கு எதிரே ஒன்றுமே இல்லை. நாலு மணிக்கு ஒரு வரி மட்டும் இருந்தது. தினமும்போல அந்த நேரத்துக்கு ப்ரோக்ராம் தானாக மறுபடி தொடங்கப் பார்த்து, முடியாமல் நின்றுபோனதைச் சொல்லும் வரி. அதில் ஒரு லைப்ரரியின் பெயர் இருந்தது.

முதல் நாள் சாயங்காலம், தபசுக் காட்சி பார்க்கக் கிளம்புகிற அவசரத்தில், ஒரு டெமோதானே என்று அறை கட்டாமல் அவன் நேராக இன்ஸ்டால் பண்ணியது.